ஆயிரத்து இருநூறு அடி போடலாமா?

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னை. போர் 800 அடி. கோடையில் பத்து நிமிடம் ஓடினால் காற்றுதான் வருகிறது. தேங்காய் வைத்துப் பார்ப்பவரை அப்பா கூட்டிவந்து இன்னொரு இடம் குறித்துவிட்டார், 1,200 அடி போடலாம் என்கிறார். ஜியாலஜிஸ்டை வைத்துப் பார்ப்போம் என்பது என் கட்சி. நிலத்தடி நீர் ஆய்வு என்கிறார்களே, அதனால் எங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

எஸ்., பல்லடம்

அன்புள்ள எஸ்.,

தேங்காயா மெஷினா என்றால் நான் மெஷின் பக்கம். மண்ணும் சரளையும் எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்று, நிலத்துக்குள் மின்சாரம் விட்டு அளக்கிற மின்தடை ஆய்வு ஓரளவு சொல்லிவிடும். தேங்காய் குறித்த இடத்தில் தண்ணீர் வராமல் வெறும் பாறைத்தூள் புகை வந்த போர்களை ஊரில் யாரும் கணக்கு வைப்பதில்லை, தண்ணீர் வந்த ஒன்றைத்தான் பத்து வருடம் பேசுவார்கள். ஆனால் எங்கே போடுவது என்றே இரண்டு பேரும் பேசுகிறீர்கள், போடலாமா என்று யாரும் கேட்கக் காணோம்.

தமிழ்நாட்டில் முக்கால்வாசி நிலம் கடும்பாறை. தண்ணீர் நிற்பது மேலே உள்ள சரளையிலும் அதன் கீழே இருக்கும் வெடிப்புகளிலும்தான், ஆழம் போகப் போக வெடிப்பு குறைந்துவிடும். 1,000 அடிக்குக் கீழே கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். கிடைக்கிறது, ரிக் வண்டி ஒன்றரை இன்ச் தண்ணீரைப் பீய்ச்சும்போது வீடே கூடி நின்று சந்தோஷப்படுகிறது, ஆனால் பல இடங்களில் அது வெகுகாலமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர், இறைத்த வேகத்தில் திரும்ப ஊறாது.

சரி, கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். கடும்பாறைப் பூமியில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே அதிர்ஷ்டம், அதாவது 2.4 லட்சம். ஏக்கருக்கு 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 50 லிட்டர், வருடத்தில் 200 நாள் விட்டால் 7 லட்சம். உங்கள் ஐந்து ஏக்கர் தோப்பு பதினைந்து ஏக்கரில் ஊறுவதைக் குடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்திலும் தென்னைதானே?

இந்தக் கணக்கை விவசாயிகளே போட்ட ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. 2000களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு அன்றைய ஆந்திரத்தின் அனந்தபூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில் நடந்தது. மழையையும் போர் நீர்மட்டத்தையும் ஊர்க்காரர்களே அளந்தார்கள், பருவமழை முடிந்ததும் கூடி உட்கார்ந்து இருக்கிற தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று பார்த்தார்கள். நெல் போடாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை, இருந்தும் பலர் நெல்லைக் குறைத்தார்கள். திட்டம் முடிந்தபிறகு அது எவ்வளவு நிலைத்தது என்பதில் பின்னால் போய்ப் பார்த்த ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் ஊரே சேர்ந்து பாசனத்துக்குப் போர் போடுவதற்கும் கரும்புக்கும் தடை போட்டுக்கொண்டது, அங்கே வருடாந்திர தண்ணீர் பட்ஜெட் இன்றும் பேசப்படுகிறது.

தோட்டத்தில் பழைய கிணறு இருந்தால் இன்றே தொடங்குங்கள். ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்தி வைத்து, விடிந்ததும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் எழுதினால் போதும். 1,200 அடிக்கும் மோட்டாருக்கும் லட்சக்கணக்கில் போட இருக்கிறீர்களே, அதற்கு முன்னால் இரண்டு ஏக்கர் தென்னையை வைத்துக்கொண்டு மீதியை மானாவாரிச் சோளத்துக்கு விட்டால் என்ன மிஞ்சும் என்றும் அதே நோட்டில் போட்டுப் பாருங்கள். அப்பாவிடம் வாயால் சொன்னால் சண்டைதான் வரும், நோட்டைக் காட்டுங்கள்.