'டு' எங்கே வரும், எங்கே வராது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: ஆங்கில வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் 'டு'. போக, வர, சாப்பிட என்று நாம் சொல்லும் வடிவத்தைத் தமிழ் இலக்கணம் செயவெனெச்சம் என்கிறது. ஆங்கிலத்தின் 'டு கோ', 'டு கம்', 'டு ஈட்' எல்லாம் அதற்கு நெருங்கிய சொந்தம். எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: 'ரிமெம்பர் டு லாக்', 'ரிமெம்பர் லாக்கிங்' இரண்டுமே சரி என்கிறார்கள். அப்படியானால் எதற்கு இரண்டு?

இரண்டும் சரி, ஆனால் பொருள் வேறு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறீர்கள். பேருந்து நிறுத்தம் வந்ததும் 'பூட்டினோமா?' என்று ஒரு சந்தேகம். கையில் சாவியைத் திருப்பியது, கொக்கியை ஒரு முறை இழுத்துப் பார்த்தது எல்லாம் மனதில் வருகிறது. அப்போது சொல்ல வேண்டியது 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'. அதாவது, பூட்டியது ஞாபகம் இருக்கிறது. 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்றால் ஞாபகமாகப் பூட்டினேன் என்று பொருள். முதலாவதில் செயல் முன்பு நடந்தது, நினைவு பிறகு வருகிறது. இரண்டாவதில் நினைவு முதலில் வந்தது, அதனால் செயல் நடந்தது.

'ஃபர்கெட்' என்ற சொல்லும் இப்படித்தான். கரன்ட் பில் கட்ட மறந்தால் 'ஐ ஃபர்காட் டு பே'. முதன்முதலில் கடலைப் பார்த்ததை மறக்கவே மாட்டேன் என்றால் 'ஐ வில் நெவர் ஃபர்கெட் ஸீயிங் த ஸீ'. தமிழைக் கவனியுங்கள்: 'கட்ட' என்று வந்த இடத்தில் 'டு', 'பார்த்ததை' என்று வந்த இடத்தில் 'இங்'. நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுதான் இது.

இதைவிட அழகான ஜோடி ஒன்று உண்டு. அறையில் ஒரே புழுக்கம். ஜன்னல் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. 'திறக்கப் பார்த்தேன்' என்றால் முயற்சி செய்தேன், முடிந்ததா என்பது வேறு விஷயம். ஆங்கிலத்தில் 'ஐ டிரைட் டு ஓபன் த விண்டோ'. 'திறந்து பார்த்தேன்' என்றால் ஜன்னல் திறந்தாகிவிட்டது, புழுக்கம் குறைகிறதா என்று பார்த்தேன். அது 'ஐ டிரைட் ஓபனிங் த விண்டோ'. திறக்க, திறந்து என்று கடைசி இரண்டு எழுத்து மாறினால் தமிழில் பொருள் எப்படி மாறுகிறதோ, அங்கேயும் அப்படியே மாறுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும்.

கேள்வி: 'ஐ வென்ட் டு த மார்க்கெட் ஃபார் பையிங் வெஜிடபிள்ஸ்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

ஆசிரியர் செய்தது சரிதான். 'காய்கறி வாங்கப் போனேன்' என்று ஒருவர் தன் நோக்கத்தைச் சொல்லும்போது 'டு பை வெஜிடபிள்ஸ்' போதும். 'வாங்குவதற்காக' என்பதிலுள்ள 'ஆக'வை மொழிபெயர்க்கப் போய்த்தான் 'ஃபார்' நுழைகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் இந்த வடிவத்துக்கு 'அன்' என்று ஒரு விகுதியே இருந்தது. குடிக்க என்பதற்கு 'டிரின்கன்'. நோக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் முன்னால் 'டு' சேர்த்து விகுதியையும் மாற்றுவார்கள். காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து மறைந்தன, 'டு' மட்டும் நின்றது. ஆகவே நோக்கம் என்பது 'டு'வின் பிறவிக் குணம்.

ஆனால் ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது 'ஃபார்' சரியே. 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் வெஜிடபிள்ஸ்'. கத்திக்கு ஏது நோக்கம்? பயன்தான் உண்டு.

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதலாமா?

வேண்டாம், 'டு மீட்டிங் யூ' என்று எழுதுங்கள். இங்கே வரும் 'டு' வேறு ஆள். 'டு சென்னை', 'டு ஸ்கூல்' என்பதில் வருகிறதே, பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் அந்த 'டு'. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' என்று சொல்ல முடிகிறது அல்லவா? அப்படியானால் அங்கே வினை வந்தாலும் 'இங்' போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். 'ஐ வான்ட் டு த ஹாலிடேஸ்' என்று சொல்ல முடியாது, எனவே அது 'வான்ட் டு மீட்'.

'ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்' என்றால் முன்பெல்லாம் இரவில் ஓட்டுவேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்' என்றால் இரவில் ஓட்டிப் பழக்கம். நேர்காணலில் இதை மாற்றிச் சொன்னால் வேலைக்கே சிக்கல் வரலாம்.

கேள்வி: 'ஹி மேட் மீ டு வெயிட்' என்பதில் என்ன தவறு?

'டு'தான் தவறு. 'ஹி மேட் மீ வெயிட்'. 'லெட்' என்ற சொல்லுக்கும் அப்படித்தான்: 'லெட் ஹிம் கோ'. நாம் காத்திருக்க வைத்தார், போக விட்டார் என்கிறோம். வைத்தார், விட்டார் இரண்டும் முன்னால் உள்ள வினையோடு ஒட்டிக்கொள்ளும் துணைவினைகள். 'மேக்', 'லெட்' இரண்டையும் அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், இடையில் 'டு' நுழைய இடமில்லை. 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' எல்லாம் இதே கட்சி.

ஆனால் 'மேக்' வரும் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றினால் 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. 'ஹெல்ப்' என்பதற்குப் பிறகு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. 'கெட்' வந்தால் மட்டும் கட்டாயம் போடுங்கள்: 'ஐ காட் ஹிம் டு வெயிட்'.

கேள்வி: 'ஷி சஜெஸ்டட் மீ டு கோ' சரியா?

இல்லை. 'போகச் சொன்னார்' என்றால் 'ஷி டோல்ட் மீ டு கோ'. 'போகலாமே என்றார்' என்பதுதான் 'சஜெஸ்ட்'. அதற்கு 'ஷி சஜெஸ்டட் கோயிங்' அல்லது 'ஷி சஜெஸ்டட் தட் ஐ கோ' என்று எழுதுங்கள். மனதில் 'லாமே' ஒலித்தால் 'டு'வை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'டீ சூடாக இருக்கிறது, குடிக்க முடியாது' என்பதை 'த டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க் இட்' என்று எழுதலாமா?

கடைசி 'இட்' வேண்டாம். டீ முன்னாலேயே வந்துவிட்டது.

கேள்வி: 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரக்கூடாது என்று படித்தேன். உண்மையா?

பள்ளியில் எழுதிய லீவ் லெட்டர் நினைவிருக்கிறதா? 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிரான்ட் மீ லீவ்'. 'டு'வுக்கும் 'கிரான்ட்'டுக்கும் நடுவில் 'கைண்ட்லி' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். நம்மில் பல பேர் காய்ச்சல் வந்த நாளிலெல்லாம் இந்த விதியை மீறியிருக்கிறோம்.

1864இல் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயத்தின் டீன், அதாவது தலைமைப் பாதிரியார், ஹென்றி ஆல்ஃபோர்ட் இந்த வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். பிறகு பள்ளிகளில் இது விதியாகவே பரவியது. 1926இல் ஆங்கில அகராதி ஆசிரியர் ஹென்றி ஃபவுலர் அதற்கு நிதானமான பதில் தந்தார்: பொருள் குழம்புவதையும் வாக்கியம் செயற்கையாகத் தெரிவதையும் விட, பிரித்து எழுதுவதே மேல். நானும் அவர் பக்கம்தான். 'ஐ டிசைடட் க்விக்லி டு ஆன்சர்' என்று எழுதினால், முடிவு வேகமா, பதில் வேகமா? 'ஐ டிசைடட் டு க்விக்லி ஆன்சர்' என்றால் பதில்தான் வேகம், சந்தேகமே இல்லை. தேர்வுத்தாளில் மட்டும், திருத்துபவர் பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருப்பாரோ என்று தோன்றினால், 'க்விக்லி'யை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.