அடுப்பும் அந்தாதியும்

அன்புள்ள அக்கா,
எனக்கு 23 வயது. ஓசிடி, அதாவது ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து ஒன்றையே மறுபடி மறுபடி செய்ய வைக்கிற நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரி எழுந்து எழுந்து கேஸ் அடுப்பைப் பார்க்கிறேன், அம்மாவையும் பார்க்கச் சொல்கிறேன். கவிதையிலும் ஒரு வரி மூன்று முறை வந்தால்தான் மனம் அடங்குகிறது. மாத்திரை சாப்பிட்டால் கவிதை நின்றுவிடுமா? தொகுப்பு போடலாமா?
கே., பட்டர்வொர்த்

அன்புள்ள கே.,

தொகுப்புக்கு என்ன அவசரம், அதை அப்புறம் பார்க்கலாம்.

கொஞ்ச நாளாகவே என் பெரியம்மா நினைவாக இருக்கிறேன். செந்தூலில் எங்களுக்கு அடுத்த வீடு. பத்துமலைக்குப் போனால் 272 படியையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால், அந்த வெயிலில் கீழே இறங்கி முதல் படியிலிருந்து மறுபடியும். எண்ணாவிட்டால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். மேலே போனதும் "சரியா எண்ணினேனா?" என்று அம்மாவைக் கேட்பார். "சரியாத்தான் எண்ணினேக்கா" என்பார் அம்மா. முகம் தெளியும். இறங்குவதற்குள் மறுபடி கேட்பார். ஊரே அதைப் பக்தி என்று மெச்சியது! ஒரு மனுஷி பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்ததைப் பார்த்து மெச்சினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அதனால் சொல்கிறேன், அம்மாவை அடுப்பைப் பார்க்கச் சொல்வதை நிறுத்துங்கள். "மூடியிருக்குப்பா" என்று அவர் சொல்லும்போது பயம் கொஞ்ச நேரம் அடங்கும், அடுத்த முறை இன்னும் பிடிவாதமாக வரும். 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதியதிலிருந்து வளர்ந்த சிகிச்சை பழக்குவதும் இதைத்தான்: பயம் வரட்டும், போய்ப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக முரட்டுத்தனமாகச் செய்ய வேண்டாம், உளவியலாளர் படிப்படியாகக் கொண்டுபோவார்.

ஒரு வரி மூன்று முறை வருவதில் தப்பே இல்லை. அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கி, நூறாவது பாட்டில் 'உதிக்கின்றவே' என்று முடிகிறது. அந்தச் சுற்றைப் பட்டர் வேண்டுமென்றே கட்டினார். உங்கள் மூன்றாவது வரியைக் கட்டியது யார்? ஒரே கவிதையை மூன்று மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருக்கிறது, மூன்றாவதில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. இது திருத்தம் இல்லை தம்பி, அடுப்பைப் பார்க்கிற அதே வேலை. 'குழாயை மூடினேன்' என்ற வரி மூன்றாவது முறை வந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டோடு நிறுத்தி வாசித்தேன், பதறிவிட்டது. உங்களைத் தூங்கவிடாத பயம் அங்கேதான் எனக்கும் வந்தது. அந்த மூன்றாவது வரியை அடித்துவிடுங்கள். அரிக்கும், அரிக்கட்டும்.

மாத்திரை சாப்பிட்டால் கவிதை போய்விடும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் நிற்கிறவன் எப்போது எழுதுவான்? செர்ட்ராலின், ஃபுளூவாக்சமின் மாதிரி மருந்துகள் இந்த நோய்க்கு வேலை காட்ட 8 முதல் 12 வாரம்கூட ஆகும், பாதியில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். செலவுதான் கவலை என்றால் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். பிள்ளை கெஞ்சிக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது எந்தத் தாய்க்கும் லேசில்லை, அதை அவருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும்.