நான்கு பேரின் பெயரைத் தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள்

கேள்வி: ஐயா, நான் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். ஆங்கிலப் பாட்டு அதிகம் கேட்டுப் பழக்கமில்லை. ஹாஸ்டலில் ஒரு சீனியர், கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் ‘ஒஹாயோ’ என்ற பழைய ராக் பாட்டைப் போட்டார். பாதி வரிகள் புரியவில்லை. ஆனாலும் கடைசியில் ஒருவர் கத்துவதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மாணவர்களைச் சுட்டுக் கொன்றதைப் பற்றிய பாட்டு என்று பிறகுதான் தெரிந்தது. “எந்த ஊரிலோ அம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு உனக்கென்னடா? பாடினவங்க அதை வித்துக் காசு பார்த்தவங்கதானே” என்கிறான் நண்பன். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பாட்டை எப்படித்தான் கேட்பது?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: தம்பி, உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான், அதற்கு வருகிறேன். வரிகள் புரியவில்லை என்று நீங்கள் கூச்சப்பட வேண்டாம். அந்தப் பாட்டில் கதையே கிடையாது. வரிகளும் மிகக் குறைவு. படைவீரர்கள் வருகிறார்கள், நிக்ஸன் வருகிறார், ஒஹாயோவில் நான்கு பேர் செத்துக் கிடக்கிறார்கள். யார் அவர்கள், ஏன் செத்தார்கள் என்று பாட்டு சொல்வதில்லை. 1970 ஜூனில் அதைக் கேட்ட அமெரிக்கருக்குச் சொல்லவும் தேவையில்லை. பேப்பரில் படித்து, டிவியில் பார்த்து, வீட்டில் அதைப் பற்றிச் சண்டையும் போட்டிருப்பார். உங்களுக்குச் செய்தி வராமல் பாட்டு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே முதலில் செய்தி.

வியட்நாம் போருக்கு முடிவு கட்டுவேன் என்று சொல்லி ஜெயித்த அதிபர் நிக்ஸன், 1970 ஏப்ரல் 30 இரவு டிவியில் தோன்றி, அமெரிக்கப் படை பக்கத்து நாடான கம்போடியாவுக்குள்ளும் நுழைவதாக அறிவித்தார். மறுநாளே பல்கலைக்கழகங்கள் கொதித்தன. ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மே 2 இரவு ராணுவப் பயிற்சிப் பிரிவின் கட்டடம் எரிந்தது. மாநிலத்தின் நேஷனல் கார்டு படை வளாகத்துக்குள் வந்தது. மே 3 அன்று ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் நிருபர்களைக் கூட்டி, கலகக்காரர்கள் ஹிட்லரின் அடியாட்படையான பழுப்புச் சட்டைக்காரர்களைவிட மோசமானவர்கள் என்று முழங்கினார். மே 5 அன்று அவருக்கு செனட் வேட்பாளர் தேர்வுக்கான உட்கட்சித் தேர்தல் இருந்தது. இதையும் சேர்த்தே அந்தப் பேச்சைப் படிக்க வேண்டும்.

மே 4, திங்கட்கிழமை நண்பகல். கூட்டத்தைக் கலைக்கக் கண்ணீர்ப்புகை குண்டு வீசினார்கள். பதிலுக்குக் கல் பறந்தது. ஒரு மேட்டின் மேல் ஏறிய படைவீரர்கள் சட்டெனத் திரும்பிச் சுட்டார்கள். 13 விநாடிகளில் 67 குண்டுகள். நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயப்பட்டார்கள். காயப்பட்டவர்களில் ஒருவர் அதன் பிறகு நடக்கவே இல்லை.

ஜெஃப்ரி மில்லர், வயது 20. ஆலிசன் கிராஸ், வயது 19. இந்த இருவரும் போராட்டத்தில் இருந்தவர்கள். சாண்ட்ரா ஷோயர், வயது 20. வில்லியம் ஷ்ரோடர், வயது 19. இந்த இருவரும் போராட வந்தவர்களே அல்ல. சாண்ட்ரா அடுத்த வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். வில்லியம் ராணுவப் பயிற்சிப் பிரிவின் மாணவர். சுட்டவர்களிடமிருந்து மில்லர் நின்ற தூரம் ஏறக்குறைய 80 மீட்டர். மற்ற மூவரும் 100 மீட்டருக்கும் அப்பால் இருந்தார்கள். எங்கள் உயிருக்கே ஆபத்து வந்தது என்று படைவீரர்கள் பிறகு சொன்னபோது, இந்தத் தூரங்கள்தான் அவர்களுக்கு எதிராக நின்றன. விசாரணைக்காக நிக்ஸனே நியமித்த குழு, அந்தத் துப்பாக்கிச்சூடு தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதியது. ஆனால் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. 1979ல் வழக்கை முடித்துக்கொள்ள மாநில அரசு 6,75,000 டாலர் கொடுத்தது. கூடவே, வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் கையெழுத்திட்டு வருத்தம் தெரிவித்த ஓர் அறிக்கை.

இன்றைக்குக் கேட்கிறவர்களுக்குத் தெரியாமல் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மாதமே நியூஸ்வீக் பத்திரிகைக்காக காலப் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. 58 சதவீதம் பேர் மாணவர்கள் மீதுதான் தப்பு என்றார்கள். படையைக் குறை சொன்னவர்கள் 11 சதவீதம். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு, நன்றாக வேண்டும் என்று வசைக்கடிதங்கள் வந்தன. நாடு முழுக்க அழுதுகொண்டிருந்தபோது கூடச் சேர்ந்து அழுத பாட்டு இல்லை இது. செத்தவர்களைப் பெரும்பாலோர் ஏசிக்கொண்டிருந்தபோது அவர்கள் பக்கம் போய் நின்ற பாட்டு. அதுவும் பதவியில் இருக்கிற அதிபரின் பெயரை நேராகச் சொல்லி! பல வானொலி நிலையங்கள் அதைப் போட மறுத்தன. அப்படியும் அமெரிக்காவின் பிரபல பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறியது.

பாட்டு பிறந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். லைஃப் பத்திரிகையில் கென்ட் ஸ்டேட் படங்களைப் பார்த்தார் குழுவில் ஒருவரான நீல் யங். பார்த்த கையோடு கிட்டாரை எடுத்து எழுதிவிட்டார். மே 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நால்வரும் ஒரே அறையில் நின்று, குரலையும் வாத்தியங்களையும் சேர்த்தே பதிவுசெய்தார்கள். சம்பவம் நடந்து 17 நாள்தான் ஆகியிருந்தது. தொடக்கத்தில் தனியாக வருகிற அந்த கிட்டாரைக் கவனியுங்கள். தடித்த தந்தி, மெல்லிய தந்தி இரண்டையும் வழக்கத்தைவிடத் தாழ்த்திச் சுருதி சேர்த்திருக்கிறார். அதனால்தான் அடிவயிற்றில் உறுமுவது போல் இருக்கிறது. பின்னாலேயே டிரம்ஸ், படை நடையில். உங்களைச் சிலிர்க்க வைத்த அந்தக் கத்தல் டேவிட் கிராஸ்பியுடையது. ஏன், இன்னும் எத்தனை பேர் என்று கேட்கிறார். பாடி முடித்ததும் அழுதுவிட்டார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆக, வரி புரியாமலே உங்களுக்குச் சிலிர்த்ததில் தவறே இல்லை.

இப்போது காசு விஷயம். சம்பாதித்தார்கள், உண்மைதான். 1977ல் வந்த தன் தொகுப்பு ஆல்பத்தின் குறிப்பில் நீல் யங்கே, அந்த மாணவர்களின் சாவால் நான் ஆதாயம் அடைந்தது முரண்தான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். உங்கள் நண்பர் கேட்பதை அவர் தன்னையே கேட்டுக்கொண்டவர். அதோடு இன்னொன்றும் பாருங்கள். அந்தச் சமயத்தில் கிரஹாம் நாஷ் எழுதிய வேறொரு பாட்டு, இதே குழுவினுடையது, பட்டியலில் மேலே போய்க்கொண்டிருந்தது. ‘ஒஹாயோ’வை இப்போது இறக்கினால் அது படுத்துவிடும் என்று தெரிந்தும் நாஷ் சம்மதித்தார். காசு மட்டுமே குறி என்றால் இரண்டு மாதம் பொறுத்திருப்பார்கள். என் கணக்கில், வருமானம் வந்தது என்பதற்காக அந்தத் துக்கம் பொய்யாகிவிடாது.

எனக்கும் இந்தப் பாட்டின் மேல் ஒரு குறை உண்டு. நிக்ஸன் பெயரைச் சொல்லிவிட்டு ஆளுநர் ரோட்ஸை அது விட்டுவிடுகிறது. படையை வளாகத்துக்கு அனுப்பியதும், முந்தின நாள் வெறுப்பைக் கிளப்பியதும் அவர். சுடச் சொல்லி நிக்ஸன் உத்தரவு போடவில்லை. போரை விரித்த பழி அவருடையது, அது வேறு. கோபத்தில் பிறந்த பாட்டில் இந்தப் பாகுபாட்டை எதிர்பார்க்க முடியாது. அதனால் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு பேசாதீர்கள்.

“உனக்கென்ன” என்பதற்கு வருவோம். எழுதிய நீல் யங்கும் கனடாக்காரர். அப்போது அமெரிக்கத் தேர்தலில் ஓட்டு போட முடியாதவர். அவரும் பத்திரிகைப் படத்தில்தான் இதைப் பார்த்தார். பாட்டின் நடுவே, அந்தப் பெண் உனக்குத் தெரிந்தவளாக இருந்து, அவள் தரையில் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று நேராகக் கேட்கிற இடம் வரும். என்னைக் கேட்டால் மொத்தப் பாட்டும் அந்த ஒரு வரிக்காகத்தான். அந்தக் கேள்வியில் ஊர் பெயர் இல்லை. நீங்களும் அடுத்த வகுப்புக்கு நடந்து போகிற மாணவர்தானே? சாண்ட்ராவின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி கேட்டுப் பாருங்கள். நண்பரையும் கூட உட்கார வையுங்கள். வாதம் வேண்டாம், நான்கு பெயரையும் வயதையும் மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், இதோடு நிறுத்திவிடாதீர்கள். கென்ட் ஸ்டேட் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மே 15 அதிகாலையில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் மாணவியர் விடுதியை நோக்கி நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுட்டது. ஃபிலிப் கிப்ஸ், வயது 21. ஜேம்ஸ் ஏர்ல் கிரீன், வயது 17. இருவரும் இறந்தார்கள். அவர்களுக்கென்று இப்படி ஊரெல்லாம் ஒலித்த பாட்டு எதுவும் இல்லை. 1971ல் கறுப்பினக் குழுவான ஐஸ்லி பிரதர்ஸ், ‘ஒஹாயோ’வை எடுத்து, ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘மெஷின் கன்’ பாட்டோடு சேர்த்து ஒன்பது நிமிடத்துக்குப் பாடினார்கள். இதே வரிகள் அவர்கள் குரலில் வரும்போது கோபத்தைவிடத் துயரம்தான் அதிகம் கேட்கும். அடுத்து அதைத் தேடிக் கேளுங்கள், ஹெட்போன் போட்டு, பாதியில் நிறுத்தாமல்.