படமும் பொருளும்: மயங்கிக் கிடப்பவர் யார்?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் நீளமான ஓவிய நகல் ஒன்று இருக்கிறது. ஒரு பெண் விழித்திருக்க, எதிரே ஓர் ஆள் அரைகுறைத் துணியோடு சாய்ந்து கிடக்கிறான். ஆட்டுக்கால் கொண்ட குட்டி உருவம் ஒன்று அவன் காதில் சங்கு ஊதியும் எழவில்லை. "கள்ளு குடிச்சிட்டு மட்டையாயிட்டான்" என்கிறார் என் கணவர். அப்படித்தானா ஐயா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அது இத்தாலிய ஓவியர் போத்திசெல்லி 1485-ஐ ஒட்டி வரைந்த 'வீனஸும் மார்ஸும்', அம்மா. அசல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கிடப்பவன் ரோமானியரின் போர்த் தெய்வம் மார்ஸ். விழித்திருப்பவள் காதல் தெய்வம் வீனஸ்.

குடிபோதை என்றால் கோப்பையோ குடமோ திராட்சைக் குலையோ எங்காவது இருக்க வேண்டும். இந்தப் படத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் கணவரைப் போலவே யோசித்த ஆய்வாளர் ஒருவர் உண்டு. வலது கீழ் மூலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். மார்ஸ் கழற்றிப் போட்ட மார்புக் கவசத்துக்குள் புகுந்து ஓர் ஆட்டுக்கால் குட்டி தலையை நீட்டும். அதன் கையடியில் பச்சைக் காய் ஒன்று. 2010-இல் டேவிட் பெல்லிங்காம் அதை ஊமத்தங்காய் என்றார். தேவாரத்தில் சிவன் சூடும் மத்தமலர் ஊமத்தைதானே, நமக்குத் தெரியாத செடியா? தின்றால் புத்தி பேதலிக்கும், உயிரே போகும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

எனக்கு அந்த விளக்கத்தில் ஒப்புதல் இல்லை. அவர் சொன்ன ஊமத்தை வகை அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதே தாவரவியலார் பெரும்பாலோரின் கருத்து. கொலம்பஸ் கப்பலேறியதே 1492-இல். பழுத்ததும் வெடித்து விதையைப் பீய்ச்சும் காட்டு வெள்ளரி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். மத்தியதரைக் கடலோரம் தானாக முளைக்கும் செடி அது. கல்யாண வீட்டுக் கேலிக்கும் தோதான காய்!

ஆமாம், இது கல்யாணப் படமாகத்தான் இருக்க வேண்டும். உயரம் 69 சென்டிமீட்டர், நீளம் 173. மணமக்கள் அறையில் பெட்டிக்கோ சாய்விருக்கைக்கோ பின்னால் பதிக்கும் பலகையின் அளவு. அப்படிப் பார்த்தால் மார்ஸ் கிடப்பது காதல் தந்த களைப்பில். ஈட்டியையும் தலைக்கவசத்தையும் குட்டிகள் தூக்கிக்கொண்டு விளையாடுகின்றன, அவனுக்குச் சுரணையில்லை. வீனஸோ உடுத்திய சேலை கலையாத மணப்பெண் மாதிரி நிமிர்ந்திருக்கிறாள்.

அப்புறம், அவன் தலைமாட்டில் மரத்தருகே குளவிகள் இருக்கும். பிளாரன்ஸ் நகரத்து வெஸ்பூச்சி குடும்பச் சின்னத்திலும் குளவி உண்டு என்பதால், வரையச் சொன்னது அவர்களாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். நகல் தெளிவாக இருந்தால் உங்களுக்கே தெரியும்.