தோட்டத்தை அடமானம் வைக்கும் முன்

கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கும் தாயாருக்கு,

மகள் நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன். மகளோ வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி, பிரியும் நிலையிலுள்ள செல்களை நுண்ணோக்கியில் தேடிப் பார்த்ததையே ஓயாமல் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பினாலும் இங்கே தொழில் செய்ய உரிமத் தேர்வில் தேறியாக வேண்டும். தேறும்வரை வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும்.

உறவினர்கள் அடுக்கும் மற்ற படிப்புகளை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். அவர்கள் கேள்விப்படாத ஒன்று வளர்ச்சி உயிரியல்; ஒற்றைக் கருச்செல் பிரிந்து பிரிந்து முழு உடலாவது எப்படி என்று ஆராயும் துறை அது. அத்துறையினர் ஆராயும் சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் நூற்புழுவின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். உடல் ஒளி ஊடுருவுவதால், உயிரோடு இருக்கையிலேயே அதன் செல்கள் பிரிவதைப் பார்க்க முடியும். ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் கொண்ட இருபால் புழுவில் 1,090 உடற்செல்கள் உருவாகி, அவற்றுள் 131 குறித்த நேரத்தில் மடிந்து, 959 எஞ்சுகின்றன. எந்தச் செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை மரபணுக்கள் வரையறுக்கின்றன. லின்-4 மரபணு பழுதானால், முதல் இளம்புழுப் பருவத்துக்குரிய பிரிவுகளையே புழு அடுத்தடுத்த பருவங்களிலும் திரும்பச் செய்கிறது. லின்-14 என்னும் மற்றொரு மரபணு செயலிழந்தாலோ அந்தப் பிரிவுகளைத் தாண்டி அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறது. லின்-4 தருவது புரதம் அன்று, குறு ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறிய மூலக்கூறு; அது லின்-14 புரதத்தின் உற்பத்தியைத் தக்க சமயத்தில் அடக்குகிறது. 1993இல் இதை வெளியிட்ட விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் பெற்றது மருத்துவத்துக்கான நோபல் பரிசு என்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். இதே வகையைச் சேர்ந்த லெட்-7 மனித உடலிலும் உண்டு. பல புற்றுநோய்களில் அதன் அளவு குறைந்து காணப்படுகிறது.

நம் மலைக்கும் நூற்புழு ஆராய்ச்சி அந்நியமானதன்று. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. அதை எதிர்த்து நிற்கும் குஃப்ரி சுவர்ணா என்னும் உருளைக்கிழங்கு ரகமும் இங்கே பயிரானது.

மகளை ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் இளங்கலையில் சேர்த்துவிடுங்கள். வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரலாம். படிக்கும்போதே இந்திய அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். ஆய்வகம் பிடிக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். பிடித்தால், முதுகலை அறிவியல் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி முதுகலைக்கோ, ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கோ போகலாம். முனைவர் ஆய்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இளங்கலையிலிருந்து முனைவர் பட்டம் வரை ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகலாம். அதன் பின்னும் நிரந்தரப் பணிக்குப் போட்டி கடுமையாகவே இருக்கும். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லி, அவள் வாயாலேயே பதிலைக் கேளுங்கள். மாமாவிடம் மறுப்புச் சொல்லும் பொறுப்பை மட்டும் அவள் தலையில் கட்டாதீர்கள், அம்மா. அதை நீங்களே சொல்ல வேண்டும், கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே சொல்ல வேண்டும்.