யாருக்கும் போட மனமில்லை, என்ன செய்வது?

கேள்வி: அன்புள்ள அண்ணா, நான் லண்டனில் இல்ஃபோர்ட் நார்த் தொகுதியில் இருக்கிறேன். வயது 54. 1991இல் இங்கு வந்தேன், 1997இல் முதல் தடவை வாக்குப் போட்டேன், அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு லேபர் கட்சிதான். 2009இல் மூன்று வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள்கணக்கில் நின்றோம். அப்போது ஆட்சியில் இருந்ததும் லேபர்தான். ஆனாலும் அடுத்த வருடம் மறுபடி அவர்களுக்கே போட்டேன், வேறு யார் இருக்கிறார்கள் என்று. 2024இல் மனம் வெறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். இப்போது வீட்டில் ஒரே சண்டை. கணவர் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறார், குடியேற்றத்தைக் குறைப்போம் என்னும் ரிஃபார்ம் கட்சிக்குத்தான் போடுவேன் என்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கிரீன் கட்சி என்கிறாள். அப்பாவும் மகளும் சேர்ந்து சாப்பிட்டு இரண்டு மாதமாகிறது. எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண்தானே? போடாமலே விட்டால் என்ன? எங்களோடு இருக்கும் மாமிக்கு 78 வயது, இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான், ஐ.எல்.ஆர். (காலவரையின்றி இங்கே வாழும் அனுமதி) இருக்கிறது. அவருக்கு வாக்கு உண்டா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.
- இல்ஃபோர்ட் வாசகி

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் தொகுதியின் பெயரைப் பார்த்ததும் மனதில் வந்தது ஒரு எண்: 528. நீங்கள் வீட்டில் இருந்த 2024 ஜூலை 4 அன்று, உங்கள் தொகுதியில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வென்றது 528 வாக்கு வித்தியாசத்தில். இரண்டாவதாக வந்தவர் கன்சர்வேட்டிவ் ஆள்கூட இல்லை, எந்தக் கட்சியும் இல்லாமல் காஸாவை முன்வைத்துத் தனித்து நின்ற 23 வயதுப் பெண், லியான் முகமது. ஜெயித்தவர் பிறகு சுகாதார அமைச்சரானார். உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்கள் சிலவற்றிலும் உங்களைப் போலவே மனம் வெறுத்து வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். யாருக்குப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் வாக்கில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருந்த அதே நாளில் அது இவ்வளவு கனமாக இருந்திருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் வெறுப்பு நியாயமானது. அதை மாற்ற முயல மாட்டேன். இருபது வருடக் கதையைப் பாருங்களேன். ஈராக் போர் வேண்டாம் என்று லண்டன் தெருக்கள் நிரம்ப மக்கள் நடந்தும் 2003இல் போருக்குப் போனார்கள். 2009இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு வெளியே வந்தபோது அகழி துப்புரவாக்கிய பில்லும் வாத்துகளுக்கான கூண்டு பில்லும் மக்கள் வரிப்பணத்தில் கேட்கப்பட்டிருந்தது தெரிந்தது. 2010இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிபரல் டெமோக்ராட்கள் ஆட்சியில் பங்கு கிடைத்ததும் அதை 9,000 பவுண் வரை ஏற்றச் சம்மதித்தார்கள். அப்புறம் கொரோனா. என் நண்பனின் இறுதிக் கிரியையை நான் பார்த்தது கைபேசித் திரையில்தான், உள்ளே சிலரை மட்டும்தான் விட்டார்கள், அவனுடைய மனைவி ஒரு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் காலத்தில் பிரதமர் இல்லத்திலேயே கூட்டம் கூடிக் குடித்தார்கள் என்று தெரிந்து, பிரதமரே அபராதம் கட்டினார். 2022இல் லிஸ் டிரஸ் 49 நாள் பிரதமராக இருந்துவிட்டுப் போனார், அதற்குள் வீட்டுக் கடன் வட்டி எங்கே போனது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சரி, ஆட்சி மாறட்டும் என்று மக்கள் மாற்றினார்கள். வந்த லேபர் அரசு முதல் மாதத்திலேயே முதியவர்களின் குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலானோருக்கு நிறுத்தி, எதிர்ப்பு கிளம்பிய பின் 2025 ஜூனில் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. இவ்வளவையும் பார்த்த பிறகும் உங்களுக்கு மனம் வெறுக்கவில்லை என்றால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இனி, சின்னக் கட்சிக்குப் போட்டால் வீணா என்ற கேள்வி. ஒவ்வொரு தொகுதியிலும் முதலாவதாக வருபவர் மட்டும் வெல்லும் இந்த நாட்டின் வாக்கு எண்ணும் முறையில் அது வீணாகலாம், உண்மைதான். 2024இல் லேபர் வாங்கியது 33.7 வீதம், கிடைத்தது 650இல் 411 ஆசனம். ரிஃபார்முக்கு 14.3 வீதம், நாற்பது லட்சத்துக்கும் மேல் வாக்கு, கிடைத்தது ஐந்தே ஆசனம். அதைவிடக் குறைவாக, 12.2 வீதம் வாங்கிய லிபரல் டெமோக்ராட்களுக்கு 72. கிரீனுக்கு நான்கு. எங்கும் பரவலாக வாக்கு வாங்கும் சின்னக் கட்சியை இந்த முறை நசுக்கும், ஒரே இடத்தில் குவித்து வாங்குபவரைத் தூக்கிவிடும்.

இது நமக்குப் புதிதா என்ன? 1977 இலங்கைத் தேர்தலின்போது எனக்குப் பன்னிரண்டு வயது, வானொலியைச் சுற்றி உட்கார்ந்து முடிவுகளைக் கேட்டோம். ஐக்கிய தேசியக் கட்சி பாதியளவு வாக்கு வாங்கி 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. சுதந்திரக் கட்சிக்கு ஏறக்குறைய 30 வீத வாக்கு, ஆனால் எட்டே ஆசனம். வடக்கு கிழக்கில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அன்றைய இலங்கைக்கு அந்த எண்ணும் முறையைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இந்தப் பிரித்தானியர்கள்தான். இலங்கை பிறகு விகிதாசார முறைக்கு மாறிவிட்டது. இவர்கள் 2011இல் முறையைக் கொஞ்சம் மாற்றலாமா என்று மக்களிடம் கேட்டபோது 68 வீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து 1951இல் கிட்டத்தட்ட 97 வீத வாக்கு வாங்கின, 2024இல் 57 வீதம். சட்டை பழையது, உடம்பு மாறிவிட்டது.

ஆனால் ஆசனத்தை மட்டும் வைத்து வீண் என்று முடிவு கட்டாதீர்கள். 2013இல் டேவிட் கேமரன் ஐரோப்பிய ஒன்றியம் பற்றி வாக்கெடுப்பு நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்தபோது அதிலிருந்து வெளியேற வேண்டும் என்று கேட்ட யூகிப் கட்சி பொதுத் தேர்தலில் ஒரு ஆசனம்கூட வென்றிருக்கவில்லை. கேமரனின் ஆட்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்ற பயம் மட்டும் போதுமாக இருந்தது. 2016இல் வெளியேறுவோம் என்று நாடு வாக்களித்தது, 2020இல் வெளியேறியது. நல்லதோ கெட்டதோ, பாராளுமன்றத்துக்குள் பெரிதாக வராமலே ஒரு சின்னக் கட்சி இந்த நாட்டைத் திருப்பியிருக்கிறது. 2025 அக்டோபரில் வேல்ஸ் சட்டசபைக்கான கெர்ஃபிலி இடைத்தேர்தலில் வேறு விதமாக நடந்தது. தலைமுறை தலைமுறையாக லேபரின் கோட்டை அது. ரிஃபார்ம் வந்துவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் லேபரைக் கைவிட்டு வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் பின்னால் திரண்டார்கள், லேபர் 11 வீதத்துக்கு இறங்கி மூன்றாவதாக வந்தது. அங்கே லேபருக்குப் போட்ட வாக்குத்தான் வீணான வாக்கு. அதனால் போன தடவை உங்கள் தொகுதியில் யார் முதலாவது, யார் இரண்டாவது என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. அவருடைய கோபத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று மகள் சொல்லியிருந்தால், அது தவறு. சின்னக் கடைக்காரனுக்குக் குளிர்ப்பெட்டிகள் இழுக்கும் மின்சாரத்துக்கே கை கடிக்கிறது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணுக்கு ஏறியது, முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8இலிருந்து 15 வீதமானது. (அதே நேரம் சின்ன நிறுவனங்களுக்கான வருடக் கழிவை 5,000இலிருந்து 10,500 பவுணுக்கு உயர்த்தினார்கள். இரண்டொரு பேரை மட்டும் வைத்து நடத்தும் கடையானால் அந்தப் பக்கம் அவருக்குச் செலவு கூடாமலே இருக்கலாம், கணக்காளரிடம் ஒருதடவை கேட்கச் சொல்லுங்கள்.)

ஆனால் அவர் ஒரு விஷயத்தைப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிஃபார்ம் அறிவித்த திட்டம், ஐ.எல்.ஆர். என்பதையே இல்லாமல் செய்வது. இனி வருபவர்களோடு நிற்கவில்லை. ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்களும் புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சம்பளமும் ஆங்கிலமும் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் ஐ.எல்.ஆரோடு இருப்பது யார், தங்கச்சி? அவரைப் பெற்ற தாய். 78 வயதில் அந்த மனுஷி என்ன சம்பளத்தைக் காட்டுவார்? இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள், மகளுக்கு முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். கடை பூட்டிவிட்டு வந்து தேத்தண்ணியோடு உட்காரும் நேரம், இதை ஒருதடவை வாசித்துப் பாருங்கள் என்று கையில் கொடுங்கள், போதும். லேபரும் இதில் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை, நிரந்தர விசாவுக்குக் காத்திருக்கும் காலத்தை ஐந்திலிருந்து பத்து வருடமாக்குவோம் என்று 2025 மே மாதமே அறிவித்துவிட்டார்கள். ரிஃபார்முக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது என் கருத்து. சின்னக் கட்சிக்குப் போடும் வாக்கு பெரிய கட்சியை இழுக்கும் என்று மேலே சொன்னேனே, அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

மகளிடமும் ஒரு வார்த்தை. புதியவர்கள் என்பதாலேயே சுத்தமானவர்கள் என்று இருக்க வேண்டாம். கென்ட் கவுன்சிலை 2025 மே மாதம் பிடித்த ரிஃபார்ம் ஆட்கள் ஆறு மாதம் முடிவதற்குள் ஒருவரையொருவர் திட்டும் வீடியோ வெளியே வந்து, உறுப்பினர்கள் சிலர் இடைநிறுத்தப்பட்டார்கள். இடதுசாரிப் பக்கம் ஜெரமி கோர்பினும் ஸாரா சுல்தானாவும் சேர்ந்து தொடங்கிய கட்சி, அங்கத்தவர் சேர்க்கும் முதல் வாரத்திலேயே பகிரங்கமாகச் சண்டை பிடித்தது. கிரீன் நல்ல கட்சியா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கதவு தட்டி வருபவரிடம் வாடகைக்கு என்ன செய்வீர்கள், அதற்குக் காசு எங்கிருந்து என்று அவள் கேட்கட்டும். பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாகப் போடட்டும், அவளுக்கு 20 வயது, அவளுடைய வாக்கு அது.

2026 மே 7ஆம் திகதி லண்டன் முழுவதும் கவுன்சில் தேர்தல். உங்கள் கவுன்சில் ரெட்பிரிட்ஜில் 2022இல் 63 இடத்தில் 58ஐ லேபர் எடுத்தது, கேள்வி கேட்க எதிர்ப்பக்கத்தில் ஐந்தே பேர். பெரும்பாலான வார்டுகளில் இரண்டோ மூன்றோ கவுன்சிலர்கள். அத்தனை புள்ளடி உங்களுக்கு உண்டு, எல்லாவற்றையும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. மாமியின் பராமரிப்புக்காக ஓடித்திரிந்த லேபர் கவுன்சிலர் யாராவது இருந்தால் அவருக்கு ஒன்று, தெருவுக்கு வந்து உங்களோடு கதைத்த வேறு கட்சிக்காரருக்கு ஒன்று என்று பிரித்துப் போடலாம். கட்சியை வெறுத்துவிட்டு ஆளைப் பார்த்துப் போட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

அப்படியும் ஒருவரையும் பிடிக்கவில்லையா? போய் வெற்றுத்தாளாகவாவது போட்டுவிட்டு வாருங்கள், வீட்டில் மட்டும் இருக்காதீர்கள். நான் ஒரு தேர்தலில் வாக்குச் சாவடியில் உதவியாளராக வேலை பார்த்தேன், காலை 7 மணி தொடக்கம் இரவு 10 மணி வரை. தேவாலய மண்டபம், மடிக்கும் மேசை, நூலில் கட்டிய பென்சில். இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலை உடுப்போடு ஒரு பெண் ஓடிவந்தார், தடுப்புக்குள் போய் வெகு நேரம் நின்றார், பென்சில் நூல் மேசையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து, யாருக்கும் போடவில்லை, ஆனால் ஏன் போடவில்லை என்று எழுதியிருக்கிறேன் என்று எங்களிடம் சொன்னார். அந்தத் தாள் குப்பைக்குப் போகாது. எண்ணும் இடத்தில் செல்லாத வாக்குகளை வேட்பாளர்களுக்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், எழுதியிருப்பது அவர்கள் கண்ணில் படும், எத்தனை தாள் என்ற எண்ணிக்கையும் முடிவோடு வரும். வீட்டில் இருந்தவரின் கோபம் ஒரு தாளிலும் இல்லை, அதை அக்கறையின்மை என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

கடைசியாக மாமி. அவருக்கு வாக்கு உண்டு! இலங்கை பொதுநலவாய நாடு, ஐ.எல்.ஆரோடு இங்கே வாழும் இலங்கைக் குடியுரிமைக்காரர் கவுன்சில் தேர்தலிலும் போடலாம், பாராளுமன்றத் தேர்தலிலும் போடலாம். இத்தனை வருடமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. 2026 மே 7 தேர்தலுக்கு ஏப்ரல் 20க்குள் பெயர் பதிய வேண்டும், இணையத்தில் சில நிமிட வேலை, அதை மகளிடம் கொடுங்கள். படமுள்ள அடையாள அட்டை கட்டாயம். இலங்கைக் கடவுச்சீட்டே செல்லும், காலாவதியாகியிருந்தாலும் படம் அவரைப் போல இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் காட்டும் ஃப்ரீடம் பாஸ் போதும். நடக்க முடியாவிட்டால் தபால் வாக்கு கேட்கலாம், ஆனால் முடியுமென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காரை உங்கள் வீட்டுக்காரர் ஓட்டட்டும், மகளும் கூட வரட்டும்.