செடித் தொட்டியும் சர்க்கரை பாட்டிலும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன் தொட்டிச் செடிகளுக்காக வீட்டிலேயே கார்பன்-டை-ஆக்சைடு செய்வது பற்றித்தான். அதாவது, ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் போட்டு, புளிக்கும்போது வரும் வாயுவை டியூப் வழியாகத் தொட்டிக்குள் விடுவது. கோடை வந்தாலே இப்படித்தான். வெயிலில் ஈஸ்ட் துள்ளும், பாட்டில்கள் வழிக்கு வராது.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா? (தஞ்சாவூர்)

போடலாம். நுரை அதிகம் பொங்கும், அதனால் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன பாட்டில் வைத்து நுரையை அதில் பிடியுங்கள். புளித்த தண்ணீர் தொட்டிக்குள் போனால் ஒரே நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிடும்.

ஈஸ்ட் கிடைக்கவில்லை. இட்லி மாவு ஒரு கரண்டி விட்டால் போதுமா? (திண்டுக்கல்)

போதாது. மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. அந்தப் பொங்கல் ஓர் இரவோடு அடங்கிவிடும். பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் உலர் ஈஸ்ட் கேளுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் போட்டேன். இரண்டு நாளாகியும் ஒரு குமிழி கூட வரவில்லை. (ஆவடி)

எல்லாம் என்றால் எவ்வளவு? எந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றினீர்கள்? அதை எழுதாமல் கேட்டால் நான் ஊகிக்கத்தான் முடியும். கொதித்த தண்ணீரை ஊற்றியிருந்தால் ஈஸ்ட் அப்போதே செத்திருக்கும். கையில் விட்டால் இதமாக இருக்கும் சூடு போதும். என் அளவு: இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா.

பாட்டிலுக்குள் நுரை இருந்தும் குமிழி வரவில்லை என்றால் மூடியில் கசிவு. அந்த மூடியில் எந்தப் பசையும் நிரந்தரமாக ஒட்டாது. டியூபின் தடிமனை விடச் சற்றுச் சின்னதாக ஓட்டை போடுங்கள். டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டி ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் குறடால் இழுங்கள். இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பசையே வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் தொட்டியில் மாட்டுங்கள்.

ஒரே வாரத்தில் வாயு தீர்ந்துவிடுகிறது. (வேலூர்)

ஈஸ்ட்டைக் குறையுங்கள். இல்லையென்றால் சர்க்கரைப் பாகில் கடல்பாசி சேர்த்துக் காய்ச்சி, பாட்டிலின் அடியில் கெட்டியாக உறையவிட்டு, நன்றாக ஆறியபின் மேலே ஈஸ்ட் தண்ணீர் ஊற்றுங்கள். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். வாயுவும் சீராக வரும்.

வாயு டியூபாக ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் செட்டை மாட்டியிருக்கிறேன். இரவில் செடிக்கு வாயு வேண்டாமே என்று அதில் ஓட்டத்தை அடைக்கும் உருளையை இறுக்கி மூடிவிடுகிறேன். காலையில் பாட்டில் கல் மாதிரி இருக்கிறது. இது சரிதானா? (தாம்பரம்)

சரியில்லை. இன்று இரவே நிறுத்துங்கள்.

இதே கேள்விக்கு எத்தனையோ தடவை பதில் எழுதியாகிவிட்டது, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு இரவு பகல் கிடையாது. நீங்கள் மூடினாலும் அது சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். 200 கிராம் சர்க்கரையிலிருந்து மொத்தம் 50 லிட்டர் வாயு வரை வரலாம். வேகமான முதல் சில நாட்களில் ஓர் இரவுக்கே இரண்டு மூன்று லிட்டர் வரும். உங்கள் பாட்டிலின் கழுத்தில் காலி இடம் எவ்வளவு? அரை லிட்டர். மீதியை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குளுக்கோஸ் செட்டைப் பயன்படுத்துவதைத் தப்பு சொல்லவில்லை. அதன் சொட்டு அறை குமிழி எண்ணுவதற்கு அருமையானது. உருளையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான். முடிந்தால் கழற்றியே எடுத்துவிடுங்கள்.

டிஃபியூசர் (வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கித் தண்ணீரில் விடும் வட்டு) அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பீங்கான் வட்டில் பாசி படிந்து வாயு போக வழியில்லாமல், விடியற்காலை மூன்று மணிக்கு டியூப் மூடியை விட்டுப் பிய்த்துக்கொண்டு தெறித்தது. சுவர், திரைச்சீலை, கூரை எல்லாம் புளித்த சர்க்கரைத் தண்ணீர். ஒரு வாரம் கள்ளுக்கடை வாசனை போகவில்லை. அது பிளாஸ்டிக் சோடா பாட்டில், அதனால் அதோடு போனது. ஜூஸ் வாங்கிய கண்ணாடி பாட்டிலில் ஈஸ்ட் போட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே எழுந்து போய் அதைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து மீன் பார்க்கும் வீடுகள் அவை. மெல்லிய தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். சோடா, கோலா வந்த பாட்டில் மட்டும்தான்.

பாட்டில் தாங்கிவிட்டாலும் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. காலையில் உருளையைத் திறந்ததும் இரவெல்லாம் அடைபட்ட வாயு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

இரவுக்கு என்ன செய்வது? விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடும்படி டைமர் போடுங்கள். இருட்டில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும், அதனால் காற்று எப்படியும் தேவை. பம்ப் இல்லையா, டியூபைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். வாயு அறையில் கலந்து போகட்டும், நஷ்டம் கால் கரண்டிச் சர்க்கரை. தொட்டித் தண்ணீர் டியூபில் திரும்பி ஏறாமல் தடுக்கும் செக் வால்வ் கட்டாயம். விடியற்காலையில் விளக்குப் போடும் முன் மீனைப் பாருங்கள். செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் மீன் திணறினால் அந்த அளவு தப்பு.

ஈஸ்ட்டுக்குப் பதில் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் ஆசிட்) ஆப்ப சோடாவும் கலந்து வாயு எடுத்தால், இரண்டும் சம அளவா? அதையும் இரவில் மூடக்கூடாதா? (கோவை)

சமமாகப் போட்டாலும் நடக்கும், ஆனால் எலுமிச்சை உப்பு கொஞ்சம் வீணாகும். 200 கிராம் ஆப்ப சோடாவுக்கு 150 கிராம் எலுமிச்சை உப்பு போதும். இதை மூடலாம். இதில் இரண்டு பாட்டில்: ஒன்றில் ஆப்ப சோடா, மற்றதில் எலுமிச்சை உப்புத் தண்ணீர். வாயு வெளியேறி அழுத்தம் குறைந்தால்தான் அடுத்த பாட்டிலிலிருந்து எலுமிச்சை உப்புத் தண்ணீர் வரும். மூடினால் வரத்து தானாக நிற்கும். ஈஸ்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். அழுத்தமானி இல்லாத மூடி செட்டை வாங்காதீர்கள். இங்கேயும் சோடா பாட்டில், செக் வால்வ்.

டிராப் செக்கர் (தண்ணீரில் உள்ள கார்பன்-டை-ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குமிழ்) எப்போதும் நீலமாகவே இருக்கிறது. குமிழியைக் கூட்டட்டுமா? (சென்னை)

கூட்டாதீர்கள்! அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். 4 டிகேஎச் கரைசல், அதாவது கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) சரியாக 4 டிகிரி இருக்கும் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் பச்சை என்றால் தொட்டியில் கார்பன்-டை-ஆக்சைடு சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்று கணக்கு. உங்கள் போர் தண்ணீரின் கேஎச் 12 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் பச்சையாக மாற 90 பிபிஎம் தேவை. அதுவரை மீன் இருக்காது. இன்னொன்று, நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அவசரப்படாதீர்கள்.

செடி வளரவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை)

தொட்டி எத்தனை லிட்டர், விளக்கு எத்தனை மணி நேரம், என்ன செடி? மூன்றும் எழுதி மறுபடி அனுப்புங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்றால் அவை மெதுவாகத்தான் வளரும். பாட்டிலே தேவையில்லை.

டியூப் நுனியில் வெள்ளையாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. மீனுக்கு ஆபத்தா? (நாகர்கோவில்)

இல்லை. பாக்டீரியாப் படலம். வாரம் ஒரு முறை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டியில் இறால் இருந்தால் அதுவே மேய்ந்துவிடும்.